இடிதாங்கி இருந்தும் எரிந்த தொட்டி

(கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் சமூகக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனால்தான் எனக்குத் தூக்கம் வரும். இந்த வருடம் பராமரிப்புக் கமிட்டியில் மொட்டை மாடி என் பொறுப்பு என்று ஒதுக்கினார்கள். ஒருநாள் காலை வாக்கிங்கை மாடியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று போனேன். பி பிளாக் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஜி.ஐ. பட்டை அறுந்து, சுவரோரம் சுருண்டு கிடந்தது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டியது என்று விசாரிக்கப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் இறங்கினேன்.

அந்தப் பட்டைக்குக் கடைசியில் வருகிறேன். மின்னல் ஒரு பெரிய தொழிற்கூடத்தில் விழுந்தால் என்ன ஆகிறது, காவலுக்கு வைத்தவை எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று பார்த்துவிட்டு நம் மாடிக்கு வந்தால் சுலபமாகப் புரியும். ஆகவே கொஞ்சம் வெளிநாடு போய் வருவோம்.

கியூபா நாட்டில் மட்டான்சாஸ் என்று ஒரு துறைமுக ஊர். தலைநகர் ஹவானாவுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். பெரிய எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் அந்த இடத்தில் எட்டுப் பெரிய தொட்டிகள் இருந்தன. 2022 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை மாலை, இடியும் மழையுமாக இருந்த நேரத்தில் 52-ஆம் எண் தொட்டியின் மேல் மின்னல் விழுந்தது. தொட்டியில் சுமார் 26,000 கன மீட்டர் கச்சா எண்ணெய். அதாவது இரண்டு கோடியே அறுபது லட்சம் லிட்டர். கோடையில் நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 2,000 லாரிக்கு மேல் வரும். இத்தனைக்கும் அந்தத் தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது.

தீயணைப்பு வீரர்கள் இரவு முழுக்கப் போராடினார்கள். பக்கத்துத் தொட்டியில் இதைப்போல இரண்டு மடங்கு எரி எண்ணெய் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அதுவும் வெடித்துத் தீப்பற்றியது. மொத்தம் நான்கு தொட்டிகள் போயின. 17 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் கட்டாய ராணுவ சேவைக்காகத் தீயணைப்புப் பணிக்கு வந்திருந்த சின்ன வயதுப் பையன்களும் உண்டு. மெக்சிகோவிலிருந்தும் வெனிசுலாவிலிருந்தும் விமானத்தில் ஆட்களும் நுரைத் திரவமும் வந்திறங்கிய பிறகும் முழுதாக அணைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. நடுவில் அந்த ஊரில் இருக்கும் நாட்டின் முக்கியமான அனல்மின் நிலையம் தண்ணீர் இல்லாமல் நின்றது. ஏற்கெனவே மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த நாடு அது.

இடிதாங்கி இல்லாத தொட்டியா என்று நானும் கேட்டேன். இருந்தது. இடிதாங்கி அமைப்பால் அந்த மின்னலின் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்றுதான் கியூப அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியில் கம்பி நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவன் நான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

நாம் 'இடி விழுந்தது' என்கிறோம். என் பாட்டி இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவாள். ஆனால் இடி என்பது சத்தம், அது விழாது. விழுவது மின்னல். சராசரி மின்னல் ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 30,000 ஆம்பியர். உங்கள் வீட்டு ஏ.சி. பிளக் 16 ஆம்பியர். மின்னல் ஓடும் வழியில் காற்று சுமார் 30,000 டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு.

ஆனால் ஒரு மின்னலில் உள்ள மொத்த சக்தி, பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, 280 யூனிட் அளவுதான். நம்மில் ஒரு சின்னக் குடும்பத்துக்கு வரும் ஒரு ஈ.பி. பில். இரண்டு மாதத்தில் நாம் நிதானமாகச் செலவழிப்பதை மின்னல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கொட்டிவிடுகிறது. எல்லா டெபாசிட்தாரரும் ஒரே நேரத்தில் கவுண்டருக்கு வந்து முழுப் பணத்தையும் கொடு என்று கேட்டால் எந்த வங்கியும் திணறும். தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

இடிதாங்கி மின்னலை விரட்டுவதும் இல்லை, தின்று ஜீரணிப்பதும் இல்லை. "வந்தால் இந்த வழியாகப் போ" என்று ஒரு பாதையைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். உச்சியில் கம்பி, அதிலிருந்து கீழே இறங்கும் பட்டை, பட்டை முடியும் எர்த் குழி. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மின்னல் தானாக வேறு வழி தேடிக்கொள்ளும்.

எர்த் குழியின் மின்தடை 10 ஓம்ஸுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டிலும் பின்பற்றப்படும் சர்வதேசத் தர விதி, ஐ.இ.சி. 62305, பரிந்துரைக்கிறது. சரி, நம் குழி மிகச் சரியாக 10 ஓம்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30,000-ஐ 10-ஆல் பெருக்குங்கள். மூன்று லட்சம் வோல்ட். அந்த ஒரு கணம் இடிதாங்கிப் பட்டை முழுவதும் அந்த அழுத்தத்தில் இருக்கும். பட்டைக்கு அரை அடி தள்ளி ஒரு தண்ணீர்க் குழாய், தனியாக மண்ணுக்குள் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் பூஜ்யத்தில், பட்டை மூன்று லட்சத்தில். நடுவில் இருக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் குழாய்க்குத் தாவிவிடும். அதனால்தான் எல்லா உலோகத்தையும், எல்லா எர்த்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிடு என்கிறார்கள். ஏறினால் எல்லாம் சேர்ந்து ஏறட்டும், வித்தியாசம் இல்லாவிட்டால் தாவல் இல்லை. "இடிதாங்கிக்குத் தனி எர்த், லிப்டுக்குத் தனி எர்த், ஒன்றை ஒன்று தொடவே கூடாது" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் இருக்கிறார்கள். குழிகள் தனித்தனியாக இருக்கலாம், மண்ணுக்கடியில் அவை கைகோத்திருக்க வேண்டும்.

தாவும் இடத்தில் பொறி. பொறி பறக்கும் இடத்தில் எண்ணெய் ஆவி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய்த் தொட்டி கட்டுபவர்களுக்கு இது தெரியாததல்ல. கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் ஒரு வகைக்குக் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல. எண்ணெய் ஏறினால் கூரையும் ஏறும், இறங்கினால் இறங்கும். எண்ணெய்க்கும் கூரைக்கும் நடுவில் இடமே இல்லாததால் ஆவி சேராது. அருமையான யோசனை. ஆனால் கூரை ஏறி இறங்க வேண்டுமே, அதற்காக விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டு, அதை ரப்பர் போன்ற சீல் வைத்து அடைத்திருப்பார்கள். எவ்வளவு நல்ல சீல் என்றாலும் அந்த வளையத்தில் லேசாக ஆவி கசியும். மின்னல் வந்தால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே மின்சாரம் கடக்க வேண்டியதும் அதே வளையத்தில்தான்.

பொறி வராமல் கடக்கட்டும் என்று கூரையில் உலோகப் பட்டைகளைப் பொருத்தி, அவை சுவரை எப்போதும் உரசிக்கொண்டிருக்கும்படி வைத்தார்கள். பல காலம் இது போதும் என்று நம்பினார்கள். பிறகு சோதனைக் கூடத்தில் மின்னல் அளவு மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தால், அந்தப் பட்டை சுவரை உரசும் இடத்திலேயே பொறி பறந்தது. சுவர் துருப்பிடித்திருந்தாலும் பறந்தது, சுத்தமாக இருந்தாலும் பறந்தது. காவலுக்கு வைத்தவனே தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்த கதை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 2009-ல் வெளியிட்ட பரிந்துரையில், பட்டைகளை எண்ணெய்க்குள்ளேயே, மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கச் சொன்னார்கள். எண்ணெய்க்குள் காற்று கிடையாது, பொறி வந்தாலும் பற்றாது. கூடவே கூரையையும் சுவரையும் தனிக் கம்பிகளால் நேரடியாக இணைக்க வேண்டும், 30 மீட்டருக்கு ஒன்றாவது. எண்ணெய் வியாபாரம் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு எழுதிய விதி இது.

எண்ணெய், தீ என்று வந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஒரு பொருள்கூட எரியாமல் மின்னல் ஒரு நாட்டைத் திணற வைத்த கதையும் உண்டு.

இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 9. அதுவும் வெள்ளிக்கிழமை மாலைதான். (ராகுகாலம் காலை பத்தரைக்கே ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடிந்திருக்கும், அதன் மேல் பழி போட முடியாது.) மாலை 4.52-க்கு லண்டனுக்கு வடக்கே ஓர் உயரழுத்த மின்பாதையில் மின்னல் விழுந்தது. இது அங்கே சகஜம். பாதை பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொண்டது, சுமார் 20 வினாடியில் தானே மறுபடி சேர்ந்தும்கொண்டது. எழுதி வைத்தபடி எல்லாம் நடந்தது. கேஸ் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மின்னல் ஏற்படுத்திய அந்தச் சின்ன அதிர்வைப் பார்த்து, தூரத்தில் கடலில் இருந்த ஹார்ன்சீ காற்றாலைத் தொகுப்பின் கட்டுப்பாட்டு அமைப்பு தடுமாறி 737 மெகாவாட்டை விட்டுவிட்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு மின் நிலையத்தில் ஒரு டர்பைன் நின்றது, 244 மெகாவாட். ஊர் முழுக்கச் சிதறியிருந்த சின்னச் சின்ன உற்பத்தி அமைப்புகளும் ஏதோ ஆபத்து என்று தாமாக விலகிக்கொண்டன. அவசரத்துக்கென்று கையிருப்பில் வைத்திருந்தது 1,000 மெகாவாட். ஒன்று போனால் தாங்கும் என்று வைத்த கையிருப்பு, இரண்டு மூன்று சேர்ந்து போனால் எப்படித் தாங்கும்? 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அலைவெண் 48.8-க்கு இறங்கியது. மொத்த நாடும் இருண்டுவிடாமல் இருக்க, சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்குத் தானியங்கி முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

45 நிமிடத்துக்குள் எல்லோருக்கும் மின்சாரம் திரும்ப வந்துவிட்டது. ரயில்கள் மட்டும் வரவில்லை. ஒரு குறிப்பிட்ட வகை ரயில்கள் அலைவெண் 49-க்குக் கீழே போனதும் நின்றுவிட்டன. நின்றவற்றில் சுமார் 30 ரயில்களை ஓட்டுநரால் மறுபடி கிளப்ப முடியவில்லை, மென்பொருள் அப்படி. டெக்னீஷியன் லேப்டாப்புடன் நேரில் வந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஜனங்கள் நடுவழியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். மின்னல் செய்தது ஒரு வினாடி வேலை. மீதி எல்லாம் அந்தந்த இடத்தில் யாரோ எப்போதோ போட்டு, பிறகு திரும்பிப் பார்க்காத செட்டிங்.

சீனாவில் 2011 ஜூலை 23 அன்று வென்சோ நகருக்கு அருகே நடந்தது இன்னும் கொடுமை. மின்னலில் சிக்னல் கருவியின் ஃபியூஸ் போனது. கருவி கெட்டால் சிவப்பு காட்ட வேண்டும், அதுதான் ரயில்வேயின் அரிச்சுவடி. அந்தக் கருவி பச்சை காட்டிற்று. பின்னால் வந்த ரயில் முன்னால் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த ரயிலில் மோதி 40 பேர் போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் கிளை ஞாபகத்துக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். கணினி வந்த புதிது. பெரிய யு.பி.எஸ்., அதற்குத் தனி எர்த், மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆள் என்று மின்சாரப் பக்கம் எல்லாம் பக்கா. ஐப்பசி மழையில் ஓர் இரவு பக்கத்துத் தென்னையில் மின்னல் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் யு.பி.எஸ். பச்சை விளக்குடன் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. மோடம் கருகிப்போய், அதோடு சேர்ந்து சர்வரும் இரண்டு டெர்மினலும் காலி. மின்னல் டெலிபோன் ஒயர் வழியாக வந்திருக்கிறது. வாசலில் பூட்டு மேல் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அன்று முதல் தேதி. பென்ஷன்காரர்கள் எட்டரை மணியிலிருந்தே திண்ணையில் காத்திருந்தார்கள். முந்தைய நாள் அச்சடித்து வைத்த பேலன்ஸ் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிப் பட்டுவாடா செய்தோம். நான்கு நாள் அப்படி ஓடியது. ஒரு பெரியவர், வயது எண்பதுக்கு மேல் இருக்கும், "தம்பி, என் பணம் அந்தப் பொட்டியோட எரிஞ்சு போச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நம்ப வைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

இப்போது நம் மாடி.

அறுந்து கிடந்த பட்டை, பி பிளாக் இடிதாங்கியிலிருந்து கீழே இறங்க வேண்டிய பட்டைதான். இரண்டு வருடம் முன்பு நீர்க்கசிவு வேலை நடந்தபோது இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டியிருக்கிறார்கள், திரும்ப இணைக்கவில்லை. வேலை செய்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்ட கமிட்டியில் நானும் இருந்தேன். ஆக இரண்டு வருடமாக அந்த பிளாக்கில் இடிதாங்கி உச்சியில் "வா வா" என்று நிமிர்ந்து நிற்கிறது, வந்தவரை அனுப்ப வழி இல்லை. வெட்டிய முனைக்கு நான்கு அடியில் லிப்ட் மெஷின் ரூம்.

ஏ பிளாக்கில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு நான்கு எர்த் குழிகளையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்று பரவாயில்லை. ஜெனரேட்டர் ஷெட் பக்கத்துக் குழி 40 ஓம்ஸுக்கு மேல் காட்டியது. போன வருட ரிப்போர்ட்டில் அதே குழிக்கு 6 என்று இருக்கிறது. எப்படி என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். டெஸ்ட் எடுக்கும் முன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் போதுமாம், ரீடிங் அழகாக வரும். ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள் ராத்திரி லெட்ஜரைச் சரிக்கட்டுவார்களே, அதே வித்தைதான். ஆகவே இனிமேல் கோடையில், காய்ந்த மண்ணில், கமிட்டியிலிருந்து ஒருவர் கூட நின்று ரீடிங் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

மெயின் பேனலில் சர்ஜ் அரெஸ்டர் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. அதில் ஒரு குட்டி ஜன்னல். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பாக மாறினால் தன் வேலையைச் செய்து முடித்து உயிரை விட்டுவிட்டது என்று அர்த்தம். மாற்ற வேண்டும். நம்முடையதில் மூன்றில் இரண்டு சிவப்பு. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. நம் செக்யூரிட்டி தம்பிக்கு அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன், இனி வாராவாரம் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவார். இன்டர்காம், சிசிடிவி ஒயர்கள் வழியாக வருவதற்குத் தனியாகக் கேட்டிருக்கிறேன், என் கிளையின் கொல்லைக் கதவு மறக்கவில்லை. சி பிளாக்கில் சோலார் பேனல் அமைத்தவர்களிடம், இடிதாங்கி அமைப்பையும் கணக்கில் எடுத்துத்தான் வைத்தீர்களா என்று எழுத்தில் பதில் கேட்டிருக்கிறோம்.

மகாசபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பதினெட்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே சார், இப்ப எதுக்கு இந்தச் செலவு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூம் அலாரத்தை அவ்வப்போது அடித்துப் பார்ப்போம். திருடன் வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று ஒரு மேனேஜரும் கேட்டதில்லை. மட்டான்சாஸில் அந்தத் தொட்டிகளும் அதற்கு முன் எத்தனையோ மழைக்காலத்தைப் பார்த்தவைதான்.

பட்டையை மறுபடி இணைக்க, ஒரு குழியைப் புதிதாக எடுக்க, அரெஸ்டர் மாற்ற, எல்லாவற்றுக்கும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். சித்திரை, வைகாசியில் கோடை இடி ஆரம்பித்துவிடும், அதற்குள் வேலை முடிய வேண்டும். வேலை முடியும்வரை, தூரத்தில் இடி கேட்டால் துணி எடுக்க மாடிக்குப் போகாதீர்கள். நனைந்தால் மறுபடி காயும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜெனரேட்டர் ஷெட் பக்கத்து எர்த் குழியின் மூடிமேல் யாரோ நான்கு துளசித் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறீர்கள். நன்றாக வளர்ந்திருக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை குழி தோண்ட ஆள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் தொட்டிகளைத் தயவுசெய்து நகர்த்திவிடுங்கள். தூக்க முடியாதவர்கள் சொன்னால் நான் வந்து ஒரு கை கொடுக்கிறேன்.